ஆடுபுலிக் களத்தில் ஒளியும் தீயும்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில், பார்க்க வருகிறவர்கள் தாமே இறங்கி ஆடக்கூடிய ஒளி, தீ அமைப்புகளைப் பற்றி நான்கைந்து வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவை தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் எழுதியவை. ஒன்று மட்டும் பாட்டியின் சார்பில் பேத்தி எழுதியது. ஒரே விடயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி (கொட்டகலை): எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றம் திருவிழாவை ஒட்டிப் பாடசாலை மைதானத்தில் ஒரு விளையாட்டு அமைப்பைச் செய்ய விரும்புகிறது. காலால் மிதித்தால் விளக்கு எரிய வேண்டும். வென்றால் தீ எழ வேண்டும். ஏதாவது ஒரு வீடியோ விளையாட்டை எடுத்துக்கொள்ளலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வீடியோ விளையாட்டு கூடாது என்பதில்லை. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் விதிகளை விளக்கிக்கொண்டு நிற்க யாருக்கும் பொழுது கிடைக்காது. பார்ப்பவர்களில் பாதிப் பேருக்காவது முன்பே தெரிந்த ஆட்டமாக இருந்தால்தான், களத்தில் நிற்பவரைப் பார்த்து "அங்கே போகாதே, புலி பாய்ந்துவிடும்" என்று கயிற்றுக்கு வெளியிலிருந்து கத்துவார்கள். அந்தக் கத்தல் இல்லாவிட்டால் எவ்வளவு விளக்குப் போட்டாலும் அது வெறும் அலங்காரப் பந்தல்தான். ஆகவே ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

அதில் கோடுகள் கூடும் 23 சந்திகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், பதினைந்தும் இறங்கி முடியும் வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி முதலிலிருந்தே நகரலாம், பக்கத்து ஆட்டைத் தாண்டி அதற்கடுத்த வெற்றுச் சந்தியில் குதித்தால் அந்த ஆடு வெட்டுப்படும். மூன்று புலிகளும் அசைய இடமின்றி அடைபட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. பிள்ளைகளே ஆடுகளாகவும் புலிகளாகவும் நின்றால் 18 பேருக்கு ஒரே நேரத்தில் வேலை கிடைத்துவிடும். இப்படி ஆடும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் தீ எழ வேண்டும் என்று ஆசை வரும். அந்த ஆசையை அடக்குங்கள். வெட்டுக்குச் சிவப்பு ஒளி ஓடினால் போதும். தீ ஒரே ஒரு முறை, ஆட்டம் முடியும்போது மட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும் தீயை மூன்றாம் முறையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; அதற்குள் அதைக் காவல் காப்பவருக்கும் கவனம் தளர்ந்துவிடும்.

ஆகவே ஒளியை முதலில் முடியுங்கள். தீயே இல்லாமல் ஓர் இரவு முழுவதும் ஆடிப் பாருங்கள். அப்போதும் பிள்ளைகள் வரிசையில் நின்றால்தான் தீயைப் பற்றிப் பேசலாம்.

ஒவ்வொரு சந்திக்கும் 12 எல்.ஈ.டி. கொண்ட ஒரு வளையம் என்று வைத்தால் மொத்தம் 276 எல்.ஈ.டி. தனித்தனியே நிறம் மாறக்கூடிய டபிள்யூ.எஸ். 2812 வகை எல்.ஈ.டி. ஒன்று, முழு வெள்ளையில் ஏறத்தாழ 60 மில்லி அம்பியர் இழுக்கும். எல்லாம் ஒன்றாக வெள்ளையாக எரிந்தால் 5 வோல்ற்றில் 16.5 அம்பியருக்குச் சற்று மேல் தேவைப்படும். 20 அம்பியர் வழங்கி ஒன்று போதும். ஆனால் விளக்குகளை இயக்கும் கணினி நிரலில் வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுங்கள். தெருவிளக்கு இல்லாத மலை இருட்டில் அதுவே கண்ணைக் கூசவைக்கும், மூடுபனி இறங்கிவிட்டால் ஒவ்வொரு வளையத்தின் மேலும் ஒளி ஒரு தூணாக எழுந்து நிற்பதையும் காண்பீர்கள். 230 வோல்ற் வரும் பகுதி கூரைக்குக் கீழே, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஊடாக மட்டுமே வர வேண்டும். களத்துக்குள் இந்த 5 வோல்ற் போன்ற தாழ்ந்த வோல்ற்றளவு தவிர வேறெதுவும் போகக் கூடாது.

மிதிபலகைக்கு, 60 சென்ரிமீற்றர் சதுரமான பிளைவூட் பலகைகள் இரண்டு; இடையில் நான்கு ஓரங்களிலும் முச்சக்கர வண்டியின் பழைய டியூபை வெட்டி ஒட்டுங்கள்; நடுவில் ஒரு சாதாரண அழுத்து சுவிட்ச். தொட்டாலே உணரும் உணரிகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று அதை வாங்கிவிடாதீர்கள். நான் முதன்முதலில் செய்த களத்தில் அந்தத் தவற்றைத்தான் செய்தேன். மாலையில் நன்றாக வேலை செய்தது. இரவு எட்டு மணிக்கு மூடுபனி இறங்கியதும், களத்தில் ஒருவரும் இல்லாதபோதே ஓரத்துச் சந்தி ஒன்று பச்சையானது; சிறிது நேரத்தில் அதற்குப் பக்கத்துச் சந்தி; பிறகு உச்சியில் இருந்த புலி தானே கீழே இறங்கியது. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் "பேய் ஆடுது" என்று எழுந்து ஓடினான், பின்னாலேயே பத்துப் பேர் ஓடினார்கள். அந்த வகை உணரிக்கு ஈரப் படலமும் விரலும் ஒன்றுதான். பலகைக்கு அடியில் உள்ள சுவிட்சோ, கால் எடையைத் தவிர வேறெதற்கும் அசையாது.

ஆர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகையில் 54 எண்ணிலக்க முனைகள் உள்ளதால் 23 சுவிட்சுகளையும் நேரடியாகவே பொருத்தலாம். சுவிட்ச் அழுத்தப்படாதபோது முனையை 5 வோல்ற்றில் பிடித்துவைக்க அதன் உள்ளே இருக்கும் தடையை மட்டும் நம்ப வேண்டாம்; அது 20 கிலோ ஓமுக்கு மேற்பட்டது, நனைந்த பலகையில் கசியும் சிறு மின்னோட்டமே அதை ஏமாற்றிவிடும். ஒவ்வொரு சுவிட்ச் கம்பிக்கும் வெளியே 1 கிலோ ஓம் தடை ஒன்றை 5 வோல்ற்றுடன் இணையுங்கள். காசுக் கணக்கில் மிகச் சிறியது, இரவு நேரத்து அலைச்சலில் பாதியைக் குறைக்கும்.

கேள்வி (லிந்துலை): எங்களில் நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கணினிப் பலகை இல்லாமல் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. 23 விளக்கு, 23 சுவிட்ச், அவ்வளவுதான். விதியை ஆடுகிறவர்களே காத்துக்கொள்வார்கள். நாம் சிறுவயதில் கரியால் கோடு போட்டு ஆடியபோது தரையா விதி சொன்னது? ஓடும் விளக்குகள் வேண்டுமென்றால் வெசாக் பண்டிகைக்கு வைக்கும் பழைய மின்விளக்குத் தோரணங்களின் பின்புறத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லச் சுழலும் ஒரு மர உருளை. அதன் மேல் வெட்டி ஒட்டிய செப்புத் தகடுகள். அவற்றை உரசி நிற்கும் தொடுமுனைகள். எந்த முனை தகட்டில் படுகிறதோ அந்த வரிசை எரியும். ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள் கோலம் மாற்றி ஓடியது இந்த ஒரு தந்திரத்தால்தான். நீங்கள் அதையே 12 வோல்ற் எல்.ஈ.டி.க்குச் செய்யுங்கள். தோரணங்களில் செய்வதுபோல 230 வோல்ற்றைத் திறந்த தகட்டில் ஓட்டுவது தேர்ந்த மின் தொழிலாளியின் வேலை, உங்களுடையதல்ல.

கேள்வி (நாவலப்பிட்டி): நீளமான எல்.ஈ.டி. பட்டியில் வெள்ளை நிறம் தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, கடைசியில் மஞ்சளாகிச் செம்மை தட்டுகிறது. பட்டி பழுதா?

பதில்: பழுதில்லை. பட்டியின் மெல்லிய செப்புப் பாதையில் போகப் போக வோல்ற்றளவு குறைகிறது. சிவப்பு எல்.ஈ.டி. ஏறத்தாழ 2 வோல்ற்றிலேயே எரியும். நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ற் அளவில் வேண்டும். ஆகவே முதலில் மங்குவது அவை இரண்டும்தான், எஞ்சி நிற்பது சிவப்பு. பட்டியின் இரு முனைகளிலும், நீளம் அதிகமென்றால் நடுவிலும், வழங்கியிலிருந்து தடித்த கம்பியால் மின் கொடுங்கள்.

கேள்வி (நுவரெலியா): சமையல் எரிவாயு சிலிண்டரை வைத்துத் தீச்சுடர் எழுப்பிப் பார்த்தோம். பகலில் நன்றாக எழுந்தது, இரவில் முழங்கால் உயரம்கூட வரவில்லை. இரண்டு மூன்று முறை எழுப்பியதும் சிலிண்டரின் வெளிப்புறம் நனைந்துவிட்டது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டால் சரியாகுமா?

பதில்: கழற்றாதீர்கள். இந்தக் கடிதத்தை வாசித்ததும்தான் இந்தப் பகுதியை இவ்வளவு நீளமாக எழுதத் தீர்மானித்தேன்.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியானால்தான் குழாய்க்கு வாயு வரும். அந்தத் திரவம் புரப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. கடல் மட்டத்தில் புரப்பேன் -42 பாகை செல்சியசில் கொதிக்கும், பியூட்டேனோ ஏறத்தாழ -0.5 பாகையில்தான் கொதிக்கும். 20 பாகை வெப்பத்தில் புரப்பேனின் ஆவியமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல எட்டு மடங்கு. பியூட்டேனுடையது இரண்டு மடங்கு மட்டுமே. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் தை மாதத்து இரவு 5 பாகை அளவுக்கு இறங்கும்போது, பியூட்டேன் மிகுந்த கலவை ஆவியாகத் தயங்குகிறது. அத்துடன், ஆவியாகும் திரவம் தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுவதால், குறுகிய நேரத்தில் நிறைய வாயுவை இழுத்தால் சிலிண்டர் இன்னும் குளிர்கிறது. நீங்கள் கண்ட ஈரம் அதுதான், சில வேளை வெண்பனியே படியும். போதாக்குறைக்கு, எளிதில் ஆவியாகும் புரப்பேன் முன்னே போய்விட, அடியில் எஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். ஆகவே பாதி தீர்ந்த சிலிண்டர் புதியதைவிடவும் சோம்பேறி.

இதற்கு மக்கள் கண்டுபிடிக்கும் மூன்று வழிகளும் ஆபத்தானவை. கொதிநீர் ஊற்றுவது அல்லது நெருப்பருகே வைப்பது உள்ளமுக்கத்தைக் கட்டுப்பாடின்றி ஏற்றும். சிலிண்டரைச் சாய்த்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே வெளியே பாயும், அது இருநூறு மடங்குக்கும் மேல் விரிந்து வாயுவாகும். ரெகுலேட்டரைக் கழற்றினால், அடுப்புக் குழாய் தாங்குவதற்கென்று செய்யப்படாத அமுக்கம் அதில் ஏறும். புரப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரண்டு மடங்கும் கனமானவை என்பதையும் மறக்க வேண்டாம். கசிந்த வாயு மேலே போகாது. சரிவில் இறங்கி, வடிகானில் தங்கி, இருபது முப்பது அடி தள்ளி யாரோ ஒருவர் பீடி பற்றவைக்கும் வரை காத்திருக்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே அதற்குப் போதும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் வீடுகளில் எரிவாயு விபத்துகள் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது, இந்தக் கலவை விகிதம் பற்றி நாடே பேசியது உங்களுக்கு நினைவிருக்கும்.

சுருங்கச் சொன்னால், சமையல் சிலிண்டர் சமையலறைக்கே இருக்கட்டும். தீக்கு வேறு வழி இருக்கிறது. அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி (பதுளை): அமெரிக்காவில் ஆட்டத்தில் தவறு செய்பவர் மீதே தீயைப் பாய்ச்சும் ஒரு காணொளியைப் பார்த்தேன். அது உண்மையா? நாமும் செய்யலாமா?

பதில்: உண்மைதான். கொனாமி நிறுவனம் 1998இல் வெளியிட்ட, அம்புக்குறிகளை மிதித்து ஆடும் நடன விளையாட்டை எடுத்து, இன்டர்ப்ரிட்டிவ் ஆர்சன் என்ற கலைக்குழு 2005ஆம் ஆண்டளவில் 'டான்ஸ் டான்ஸ் இம்மோலேஷன்' என்ற அமைப்பைச் செய்தது. நெவாடா பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் விழாவில் அது இடம்பெற்றது. காணொளியில் கண்ணுக்குப் படுவது தீ. நீங்கள் பார்க்க வேண்டியதோ ஆடுகிறவரின் உடை: பெருந்தீக்கு அருகில் செல்லும் தீயணைப்பு வீரர்கள் அணியும் வெள்ளி நிற வெப்பத்தடுப்பு அங்கி, தலைமுதல் கால்வரை. அந்த நாட்டில் பார்வையாளர் முன்னிலையில் தீ எழுப்புவதற்கென்றே என்.எஃப்.பி.ஏ. 160 என்று தனித் தரநிலை ஒன்று இருக்கிறது. பாலைவனத்தில் எரிவதற்குப் புல்லும் இல்லை. நமக்கோ மாசி, பங்குனியில் காய்ந்த மானாப்புல் மலை ஒரு பொறியிலேயே பற்றிவிடும். ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை வீடுகளான லயம் முழுவதும் ஓடிய கதை இல்லாத தோட்டம் குறைவு. ஆகவே ஆடுகிறவர் மீது தீ என்ற பேச்சே நமக்கு வேண்டாம்.

நம் மண்ணில் தீயைக் கையாளத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கண்டி எசல பெரஹரா ஊர்வலத்தில் இரும்புக் கூடைகளில் எரிவது கொப்பறா; எண்ணெய் ஊறிய தேங்காய்ப் பருப்பே திரியும் எரிபொருளுமாக நின்று எரிகிறது. கூத்தில் பந்தத்தின் மீது குங்கிலியப் பொடியை வீசும்போது எழும் பெருஞ்சுடரைப் பார்த்திருப்பீர்கள். சிங்களவரின் தொவில் சடங்கில் 'தும்மல' என்று வீசுவதும் அதே வகைப் பிசின்தான். கட்டியாக இருக்கும்போது அது மெல்லப் புகையும். பொடியாகிக் காற்றில் பரவினால் ஒவ்வொரு துகளும் காற்றால் சூழப்படுவதால் ஒரே கணத்தில் எரிந்து முடிகிறது. அரைக் கணத்துக்குமேல் நிற்காத அந்தச் சுடருக்குச் சிலிண்டரும் வேண்டாம், குழாயும் வேண்டாம்.

ஆகவே நான் சொல்லும் அமைப்பு இது. களத்திலிருந்து குறைந்தது பத்து மீற்றர் தள்ளி, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கம், புல் செதுக்கி மண் தெரியும் ஒரு வட்டம். நடுவில் கொப்பறாப் பந்தம். அருகில் பல ஆண்டுகள் கூத்தில் பந்தம் பிடித்த ஒருவர், பருத்தி உடையில், காற்றுக்கு முதுகு காட்டி நிற்கிறார். அவருக்கு எதிரே ஒரு பச்சை விளக்கு. மூன்று புலிகளும் அடைபட்டதும் களம் அந்த விளக்கை எரிக்கக் கேட்கும்; ஆனால் கயிற்றைக் காவல் காக்கும் இன்னொருவர் தம் கையிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால்தான் விளக்கு எரியும். இரண்டையும் தொடராக இணையுங்கள். பிள்ளை ஒன்று கயிற்றுக்குள் நுழைந்தால் காவலர் விரலை எடுத்துவிட்டாலே போதும், எவ்வளவு அழகாக வென்றிருந்தாலும் பச்சை வராது, பொடியும் பறக்காது. பொடி வீசுவதைப் பழகாதவர் திருவிழா நாளில் முதன்முதலாக முயலக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ஈரச் சாக்கு நான்கு, மணல் வாளி இரண்டு, உலர் பொடித் தீயணைப்பான் ஒன்று பந்தத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், கூடாரத்துக்குள் அல்ல.

கேள்வி (பலரிடமிருந்து): பந்தத்துக்குப் பெற்றோல் ஊற்றலாமா?

பதில்: கூடாது. எந்தக் குளிரிலும் அதன் ஆவி பற்றும். எரிந்துகொண்டிருக்கும் பந்தத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கூடாது.

கேள்வி (ஹட்டன்): யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பதில்: நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் முதலில், தோட்டத்து மைதானமென்றால் தோட்ட நிர்வாகம், பாடசாலையென்றால் அதிபர். பிறகு பொலிஸ் நிலையம், பிரதேச சபை. எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கடிதத்துடன் களத்தின் வரைபடம் ஒன்றை இணைத்து, பந்தம் எங்கே, கயிறு எங்கே, அம்புலன்ஸ் வரும் பாதை எங்கே என்று குறித்தால் பாதிக் கேள்விகள் எழவே எழா. லயத்துப் பெரியவர்களிடம் வாய்மொழியாகவாவது சொல்லிவிடுங்கள். இரவில் திடீரென்று சுடர் எழுவதைக் கண்டு அவர்கள் தண்ணீர் வாளியுடன் ஓடிவரும்படி செய்வது மரியாதையல்ல.

கேள்வி (மாத்தளை, ஒரு பேத்தி): இதையெல்லாம் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். "தீ கும்பிடுற பொருள், விளையாடுற பொருளா?" என்று கோபித்துக்கொண்டார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்: பாட்டி சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை. முத்துமாரியம்மன் இருக்கும் ஊர்க்காரருக்குத் தீ எது என்று நான் சொல்லித்தர வேண்டுமா? ஆனாலும் அவரிடம் காமன் கூத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மாசி மாதத்தில் தப்பு முழங்க, ரதியும் மன்மதனும் ஆடி வர, கடைசியில் சிவனின் நெற்றிக்கண் திறந்து காமன் எரிகிற அந்த இரவில், ஆட்டமும் தீயும் வழிபாடும் ஒரே பொட்டலில்தான் நடக்கின்றன. அங்கே தீக்கு அருகில் போகிறவர் காப்புக் கட்டி விரதம் இருந்தவர். மற்றவர்கள் எவ்வளவு பக்தியுள்ளவரானாலும் தள்ளித்தான் நிற்பார்கள், யாரும் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியதுமில்லை. நான் பொத்தானையும் கயிற்றையும் வைத்து மேலே விளக்கியதை அவர்கள் ஒரு மஞ்சள் நூலால் செய்துவிடுகிறார்கள்.

ஆகவே பாட்டியிடம் வாதாட வேண்டாம். களம் அமைக்கும் நாளில் அவரை ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, பந்தம் எங்கே நிற்கலாம், பிள்ளைகள் எதுவரை வரலாம் என்று கேளுங்கள். அவர் கை காட்டும் இடம் என் பத்து மீற்றரைவிடத் தள்ளி இருந்தால், கயிற்றை அங்கேயே கட்டிவிடுங்கள்.